கவிழ்ந்த காரும் கறிக்கடைக்காரரின் அதட்டலும்

போன வருடம் மழை ஓய்ந்து தரை காய்ந்திருந்த சமயம். மேடவாக்கம் தாண்டி உள்ளே போனால் இன்னும் வீடு எழும்பாத ஒரு பெரிய காலி மனை இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனை முடித்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நானும் என் கணவரும் அங்கே போயிருந்தோம். எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ரிமோட் கார் ரேஸுக்கு. வேடிக்கை பார்க்க இல்லை, ஓட்டுவதற்கு. எனக்கு வயது நாற்பத்தாறு. தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில வருடங்களுக்கு முன், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மழை நாளில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. பின்னால் லாரி வந்தது. அவ்வளவுதான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது இருப்பது செயற்கைக் கால். சுடிதார் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் யாருக்கும் தெரியாது. நடந்தால் தெரிந்துவிடும்.

கால் போன வலியைக்கூடச் சமாளித்துவிட்டேன். என்னால் சமாளிக்க முடியாமல் போனது எல்லாருடைய அன்பையும்தான். பள்ளியில் என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பரீட்சை ஹாலில் நிற்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சபையில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது, "நீங்க உட்காருங்க சிஸ்டர்" என்று தோளைத் தொட்டு உட்கார வைப்பார்கள். வீட்டில் நான் டீ போட எழுந்தால் என் கணவர் எனக்கு முன்னால் அடுப்படியில் நிற்பார். ஒருமுறை வகுப்பு முழுவதற்கும் மார்க் கூட்டலைத் தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய நாளாக இருந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டுத் தோலை உரித்திருப்பார். அன்று சிரித்தார். "பரவாயில்ல மிஸ், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் நல்லவர்கள்.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி வீடியோ காலில் வந்து, உனக்கு என்ன வேண்டும், சொல்லு, வாங்கி அனுப்புகிறேன் என்றான். வீட்டில் ஏற்கெனவே ஹார்லிக்ஸும் ஆப்பிளும் பைபிள் வசனம் எழுதிய ஃபிரேமும் குவிந்து கிடந்தன. கடுப்பில், ரிமோட் கார் வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரியும். சின்ன வயதில், கப்பலில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒரு சிவப்பு ரிமோட் கார் வாங்கி வந்தார். பட்டனை அழுத்தினால் நேராக முன்னே போகும். விட்டால் வளைந்து வளைந்து பின்னால் வரும். வேறு ஒன்றும் தெரியாது அதற்கு. அந்த இரண்டே வித்தையை வைத்துக்கொண்டு அதை ஹாலிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று நானும் தம்பியும் நாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொள்வோம். எனக்குக் கணக்கில் ஆசை வந்ததே அதில்தான் என்று நினைக்கிறேன். பிறகு பெரியவளானேன். பெண் பிள்ளைக்கு எதற்கு கார் என்று அதைத் தம்பியிடமே கொடுத்துவிட்டார்கள்.

அவன் நிஜமாகவே அனுப்பிவிட்டான். பெட்டியைப் பிரித்தபோது பொம்மை என்றுதான் நினைத்தேன். ஆனால் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், துப்பாக்கி மாதிரி ஒரு ரிமோட், அதில் விரலால் இழுக்க ஒரு விசை. தெருவில் வைத்து அந்த விசையை லேசாக இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். என் காலடியில் இருந்த கார் தெருமுனையில் இருந்தது. நடுவில் அது போனதையே நான் பார்க்கவில்லை. முனையில் தண்ணீர் லாரிக்காரர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நாய்கள் சிதறி ஓடின.

அந்தத் தெருமுனைக்கு நான் நடந்து போனால், நடுவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றுதான் போவேன். இப்போது விரலைக் கொஞ்சம் அசைத்ததற்கே என்னுடைய ஏதோ ஒன்று அங்கே போய் நிற்கிறது. ஒரு கல்லில் ஏறி ஆகாயத்தில் எழும்பி, நாலு காலில் பூனை இறங்குவதுபோல இறங்கி, மறுபடி ஓடுகிறது. நான் ஆவென்று வாயைத் திறந்து நின்றேன். என் கணவர் வாசலில் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லத்தான். அவருக்குக்கூட அது மறந்துபோய்விட்டது.

அதற்குப் பிறகு வெறி பிடித்தது என்றே சொல்லலாம். இந்த மாதிரி காரை வைத்துக்கொண்டு பெரியவர்களே ரேஸ் விடுகிறார்கள் என்பதை இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்தேன். மேடவாக்கத்துக் காலி மனையில் செம்மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமும் வளைவும் வைத்து, ஓரத்தில் பைப் பதித்து ஒரு டிராக் போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர்கள் நிற்க உயரமாக ஓர் இரும்பு மேடை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். முதலில் விசித்திரமாகப் பார்த்தார்கள். பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேலையூர்ப் பக்கம் கோழிக்கறிக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஞாயிறு காலை வியாபாரத்தை முடித்து, குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு மத்தியானம் காரோடு வந்துவிடுவார். கடையில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. ரேஸ் என்று வந்துவிட்டால் அவருக்குச் சொந்தக்காரன், சிநேகிதன் யாரும் கிடையாது.

இந்த ரேஸில் ஒரு வழக்கம் இருக்கிறது. கார் கவிழ்ந்தால், மேடையில் நிற்கிறவர் இறங்கி வரக்கூடாது. மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி அது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் மேலே நின்று தவிக்க வேண்டியதுதான். அதனால், ஒரு ரேஸில் ஓடி முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்கு ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு வளைவில் நிற்க வேண்டும். யார் கார் கவிழ்ந்தாலும் உடனே குனிந்து நிமிர்த்திவிட வேண்டும். இதற்குப் பெயர் மார்ஷல். நிற்காதவர்களுக்கு அன்றைய ஓட்டம் கணக்கில் சேராது.

அன்றுதான் நான் முதல்முறையாக ரேஸில் ஓடினேன். மேடைப் படியில் கம்பியைப் பிடித்து ஏறி, நின்று, கடைசி ஆளாக முடித்தேன். ஆனாலும் முடித்தேன். இறங்கி வந்து ஆரஞ்சுச் சட்டைக்காகக் கையை நீட்டினேன். ரேஸ் நடத்துகிற தம்பி ரொம்ப மரியாதையான பையன். மேடவாக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் சாஃப்ட்வேர் ஆள். அவர் சட்டையைக் கொடுக்கவில்லை. "உங்களுக்கு வேண்டாம் அக்கா. நீங்க உட்காருங்க. உங்க ரன்னை நான் கணக்குல சேர்த்துக்கறேன்" என்றார். என் கணவர் நாற்காலியை விரித்துவிட்டார்.

இங்கேயுமா என்று இருந்தது. அப்போது மேடைமேல் தன் ரேஸுக்காகக் காத்து நின்ற கறிக்கடைக்காரர், அவங்க வளைவில் யார் நிற்பது என்று கேட்டார். எனக்காகப் பேசினார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வளைவு காலியாக இருந்தால் தன் காருக்கு ஆபத்து என்ற கவலை அவருக்கு. நடத்துகிற தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் இல்லை. "நான் நிற்கிறேன்" என்று சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இருப்பதிலேயே சுலபமான வளைவைக் கொடுத்தார்கள். அங்கே கார் கவிழ்வதே அபூர்வம். ரேஸ் தொடங்கியது. கீழே நின்று பார்க்கும்போது அந்தக் கார்கள் வேறு மாதிரி இருந்தன. மேட்டில் ஏறி என் இடுப்பு உயரத்துக்குப் பறந்தன. தரையில் இறங்கும் அதிர்வு என் நல்ல காலில் தெரிந்தது. கறிக்கடைக்காரரின் மஞ்சள் கார் முதலில் போய்க்கொண்டிருந்தது. முடியப் போகும் நேரம். ஓரத்துப் பைப்பில் ஒரு சக்கரம் ஏற, அது குட்டிக்கரணம் போட்டு, டிராக்கின் அந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தது. என் வளைவில்தான்.

நான் குறுக்கே போய் அதை எடுக்க வேண்டும். மற்ற கார்கள் வந்துகொண்டிருந்தன. நான் ஓரத்தில் நின்றேன். எதற்காக நின்றேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். யாராவது நிறுத்துவார்கள் என்றுதான். ரோட்டில் எனக்காக வண்டி நிற்கும், கடையில் எனக்கு வரிசை விலகும். அது பழகிப்போயிருந்தது. இங்கே யாரும் நிறுத்தவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று கார்கள் என்னைக் கடந்து போயின.

மேடையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"யக்கோவ்! இன்னா வேடிக்க பாத்துகினு கீற? தூக்கு யக்கா, என் ரேஸு போவுது!"

நடத்துகிற தம்பி மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். என் கணவர் எழுந்துவிட்டார். நானோ, அதட்டல் வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரே எட்டில் டிராக்கில் இறங்கினேன். யோசிக்கவே இல்லை. செம்மண்ணில் செயற்கைக் கால் வழுக்கியது. முட்டி போட்டு விழுந்தேன். விழுந்தபடியே கையை நீட்டி, மஞ்சள் காரைப் பிடித்துத் திருப்பிப் போட்டேன். கைக்குள்ளிருந்து தவளை பாய்வதுபோல அது பாய்ந்து போனது.

ஆனால் என்னால் உடனே எழ முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் எல்லாக் கார்களும் திரும்ப வரும் சத்தம் கேட்டது. நான் டிராக் நடுவே மண்டியிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடாமல் பார்த்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் நடுத்தெருவில் நிற்கும் மாட்டைச் சுற்றி ஜனங்கள் தங்கள் பாட்டுக்குப் போவார்களே, அந்த மாதிரி அந்தக் கார்கள் என்னைச் சுற்றிப் பிரிந்து போயின. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். ஒன்று மேட்டிலிருந்து எழும்பி என் தோளுக்குப் பக்கத்தில் காற்றை வீசிக்கொண்டு பறந்தது. முகமெல்லாம் புழுதி. ஒரு கார்கூட என்மேல் உரசவில்லை. ஒருவர்கூட விசையை விட்டுக் காத்திருக்கவில்லை. மேலே நின்ற அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை, இந்த வளைவில் நிற்கும் மார்ஷலாகப் பார்த்து ஓட்டினார்கள். நான் அங்கே இருப்பேன், என் வேலையைச் செய்வேன், என்னைச் சுற்றிப் போகத் தங்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். அந்த அழகை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஜெபத்தில்கூட அப்படி ஒரு சிலிர்ப்பை நான் உணர்ந்ததில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கைகளை ஊன்றி, நல்ல காலை மடக்கி, நானாகவே எழுந்து ஓரத்துக்கு வந்தேன். ரேஸ் முடிந்தது. கறிக்கடைக்காரர் மூன்றாவதாக வந்தார். கண்ணீர் என் கன்னத்துப் புழுதியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. என் கணவர் ஓடி வந்து, அடிபட்டதா என்று காலைத் தடவினார். நடத்துகிற தம்பி கறிக்கடைக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பாவம், மன்னிப்புக் கேட்க வைக்கத்தான். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாய் தவறிக் கத்திவிட்டதாக ஆரம்பித்தார்.

நான் அவரை முடிக்க விடவில்லை. "மன்னிப்பு மட்டும் கேட்காதீங்க. கால் போனதுல இருந்து என்னை யாருமே திட்டலை. நீங்கதான் முதல் ஆள்" என்றேன்.

அவர் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"திட்டுனதுக்குப் போயி அழுது தாங்க்ஸு சொல்றியே யக்கா, பேஜாரா கீது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நீ லேட்டுதான். அடுத்த தபா வண்டி கவுந்தவுடனே குனிஞ்சிடணும்" என்றார்.

என் கணவர் முதலில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது அவர், தானும் என்னைத் திட்டியிருக்க வேண்டுமோ என்று மெதுவாகக் கேட்டார். டீயை நான் போடுகிறேன், சர்க்கரை அதிகமானால் திட்டுங்கள் என்றேன். அன்று டீயில் சர்க்கரை நிஜமாகவே அதிகம். திட்டினார்.

மறுநாள் பள்ளியில், மாடி வகுப்பைத் திரும்பக் கொடுங்கள், படியேறி வருகிறேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டு வாங்கினேன். முதல் மாதம் தினமும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஒருநாள் அவர் வராந்தாவில் நின்று, மணியடித்து எவ்வளவு நேரமாகிறது மிஸ் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஸாரி மேடம் என்றேன். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்பாக நடந்துகொள்கிறவர்கள் இன்றும் என்னைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் நன்றியுள்ளவள். ஆனாலும் என்னால் முடியுமா முடியாதா என்ற சந்தேகமே எழாமல், மற்றவர்களை அதட்டுவதுபோலவே என்னையும் அதட்டிய அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம், முழு மனுஷியாக என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.