மைனஸ் அக்கா

அக்கா இடது கால் செருப்பைக் கழற்றி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறார். வலது கால் செருப்பு காலிலேயே இருக்கும். முதல் நாள் பார்த்தபோது காலில் ஏதோ புண் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "அதுக்கு இப்ப வேல இல்லங்க, லீவு குடுத்தாச்சு" என்றார்.

இருபத்திரண்டு வருடம் கிளச் மிதித்த கால் அது. டயாலிசிஸ் மையம் பழைய வேன்களைத் தள்ளிவிட்டு ஆட்டோமேட்டிக் கார்கள் வாங்கிய முதல் வாரத்தில், ஒரு சிக்னலை நெருங்கும்போது அந்தக் கால் தன்பாட்டுக்குக் கிளச்சைத் தேடிப் போயிருக்கிறது. அகப்பட்டது பிரேக். கிளச்சை அமுக்குகிற வேகத்தில் பிரேக்கை அமுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனாராம். வெறுங்காலாக இருந்தால் அதற்குத் தன் நிலைமை ஞாபகம் இருக்கும் என்பது இவர் கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு அந்தத் தவறு நேரவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் என் அண்ணனை மையத்துக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். துணைக்கு நான். அண்ணன் பெரியவர், நான் சின்னவர். அவருக்கு எங்கள் பெயர் தேவைப்பட்டதே இல்லை. அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. குள்ளம், அடியில் ஒரு மெத்தைத் துண்டு போட்டு உட்காருகிறார். வேறு யாரும் தொடாத வண்டிதான் என்றாலும் மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொரு முறையும் சரிசெய்கிறார். மற்ற ஓட்டுநர்களைப் பற்றி அவரிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. "இவன் பாருங்க, படுக்கையிலேர்ந்து அப்படியே எந்திரிச்சு வந்துட்டான்" என்பார். சில சமயம் அது அநியாயமாகவும் இருக்கும்.

மைனஸ் அக்கா என்ற பெயரை வைத்தவர்கள் சக ஓட்டுநர்கள். அந்தக் கார்களில் கியர் லீவரை D என்ற இடத்தில் போட்டுவிட்டால் போதும். கியரை வண்டியின் கியர் பெட்டியே மாற்றிக்கொள்ளும். லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். முன்னால் தட்டினால் கியர் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். மையத்தில் அதைத் தொடுகிறவர் இவர் ஒருவர்தான்.

தொடுவதற்குக் காரணம், வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிற இணைப்புச் சாலை. குட்டையானது, வளைந்து திரும்பியதும் செங்குத்தாக ஏறும், ஏறி முடிந்த இடத்தில் லாரிகள் எண்பதில் வந்துகொண்டிருக்கும். D-யில் போனால், எரிபொருள் மிச்சம் பிடிக்க மேல் கியரில் சோம்பியிருக்கும் வண்டி, ஆக்ஸிலரேட்டரை அமுக்கியதும் ஒரு கணம் யோசிக்கிறது. பிறகு ஒரேயடியாக இரண்டு கியர் இறங்கிப் பாய்கிறது. இவர் வளைவிலேயே, வண்டி மெதுவாக இருக்கும்போதே, இரண்டு முறை மைனஸ் இழுத்துவிடுவார். எஞ்சின் குரல் உயரும். அதற்கப்புறம் இழுவைதான், குலுக்கல் இல்லை. லாரிகளின் வரிசைக்குள் போய்ச் சேர்ந்ததும் லீவரை D-க்குத் தள்ளி, "இனிமே நீ பாத்துக்க" என்று பெட்டியிடம் சொல்வார்.

"கெட்டிக்காரப் பொட்டிதான். குத்தம் சொல்லல. ஆனா அதுக்குக் கண்ணு இல்லையே. ஏத்தத்துல ஏறுன பெறகுதான் ஏத்தம்னு தெரியும். எனக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே தெரியுது."

இதை ஞானம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வருவதை முன்கூட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அது வந்து சேருமுன் கையை அசைத்துவிடுவதில்லை என்று மட்டும் தெரியும். நானே அப்படித்தான்.

இந்த மாதத் தொடக்கத்தில் மையம் எல்லா வண்டிகளிலும் ஒரு சிறு கருவியைப் பொருத்தியது. ஓட்டுநர் லீவரை D-யை விட்டு நகர்த்தி எஞ்சினை உறுமவைத்தால் அது மேனேஜரின் கைபேசிக்குச் சொல்லிவிடும்; அங்கே சத்தத்தோடு ஒரு சிவப்புப் புள்ளி விழும். மாதத்தில் மூன்று விழுந்தால் வண்டி கிடையாது; தொலைபேசி மேசையில் ஹெட்போனோடு உட்கார வேண்டும். பெட்டியே கியரை இறக்கி உறுமினால் புள்ளி இல்லை. "அது கத்துனா சரி, நான் கத்த வச்சா தப்பு" என்றார் அக்கா.

முதல் புள்ளி அந்த ஏற்றத்தில் விழுந்தது. இரண்டாவதற்கு நானே சாட்சி. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற மையத்து ஓட்டுநர் ஒருவர், "என்ன மைனஸு, பொட்டி ஓட்டுதா நீ ஓட்டுறியா?" என்று சீண்டினார். பச்சை விழுந்ததும் இவர் லீவரைத் தள்ளி, இரண்டாவது கியரை விடாமல் பிடித்துவைத்து, அந்த மனிதரை ஒரு தெரு நீளத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். அண்ணன் மையத்தில் படுத்திருந்த நேரம் அது; வண்டியில் நோயாளி யாரும் இல்லை. அவசரமும் இல்லை. "இது மட்டும் என் திமிரு" என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். D-யை விட்டு நகர்த்தக் கூடாது என்று மையத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

கடிதத்துக்கு மறுநாள், சொன்னபடி D-யிலேயே ஏற்றத்தில் ஏறினார். வண்டி யோசித்தது, பின்னால் லாரி ஹாரன் அடித்தது, அக்கா அமுக்கினார், வண்டி பாய்ந்த பாய்ச்சலில், தூங்கிக்கொண்டிருந்த அண்ணனின் ஊசி குத்திய கை கதவுப் பிடியில் போய் இடித்தது. கட்டு சிவந்தது. அக்கா நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கட்டின்மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திக்கொண்டு நின்றார். லாரிகள் காற்றை வீசிக்கொண்டு போயின. ரத்தம் நின்ற பிறகு, "இனிமே இந்த ஏத்தத்துல யார் பேச்சும் கேக்க மாட்டேன் பெரியவரே" என்றார். அண்ணன், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "உங்கள யாரு கேட்டா" என்றார் அக்கா.

அடுத்த முறை மேனேஜரை அவரே அழைத்தார். அண்ணன் உள்ளே படுத்திருக்கும் நான்கு மணி நேரத்தில், வெறும் வண்டியில் ஏற்றத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. மேனேஜருக்கு நாற்பதுகூட இருக்காது. அலுவலகத்தில் அவரை 'சார்' என்று கூப்பிடுகிற அக்கா, வண்டிக்குள் வந்ததும் 'தம்பி' ஆக்கிவிட்டார்.

"நீங்களே ஓட்டுங்க தம்பி. D-லயே ஓட்டுங்க."

நான் அண்ணனின் இடத்தில், கையை அவர் வைத்துக்கொள்வதுபோலவே மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவை மேனேஜர் அமுக்கி ஓட்டினார். என் முழங்கை கதவில் இடித்தது. இரண்டாம் தடவை பதமாக அமுக்கினார். குலுக்கல் இல்லை, வேகமும் இல்லை. பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் நேர்மையானவர் என்றே நினைக்கிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புரியுதுக்கா. ஆனா ரிப்போர்ட்ல ஏத்தம்னு எழுத ஒரு கட்டம் இல்ல. புள்ளிதான் இருக்குது. நான் மேல சொல்லிப் பாக்குறேன். பதில் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் D-ல போங்க."

"ரெண்டு மாசத்துக்கு இருபத்தஞ்சு தடவ ஏறணும்."

"மூணாவது விழுந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. திங்கக்கிழமையே மேசைக்கு மாத்திடுவாங்க."

"மாத்தட்டும். ஹெட்போன் தலைக்குச் சேருதான்னு பாத்துக்கிறேன்."

"உங்க இடத்துக்கு வர்றவங்க D-லதான போவாங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அக்கா சொன்னார்: "அது அவங்க ஏத்தம் தம்பி. இன்னிக்கு நான்தான ஓட்டுறேன்."

மாலை நான்கு மணிக்கு அண்ணனை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அக்கா எப்படி ஏறுகிறார் என்று பார்க்க மேனேஜரும் முன்சீட்டில் உட்கார்ந்து, கைபேசியை இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த தட்டில் வைத்தார். அண்ணன் இரண்டு தெரு தாண்டுவதற்குள் வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். இணைப்புச் சாலையின் வளைவு வந்தது. மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடியில் லாரிகளைப் பார்த்தார். லீவரைப் பக்கவாட்டில் தள்ளி, ஒன்று, இரண்டு என்று இழுத்தார். எஞ்சின் குரல் எடுத்தது. வண்டி கயிறு கட்டி இழுத்ததுபோல ஏற்றத்தில் ஏறியது.

ஏற்றத்தின் பாதியில் கைபேசி கீச்சென்று கத்தத் தொடங்கியது. மேனேஜரின் கை அதை எடுக்க நீண்டது. அதற்குள் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்து, பின்னால் தூங்குகிறவருக்குக் கேட்காதபடி, சத்தம் ஓயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.