அறந்தாங்கி டைப்ரைட்டரில் கடைசியாக அடித்தது

பழைய கீபோர்டு, எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். போன சனிக்கிழமை அறந்தாங்கிக்குப் போனதும் அதற்காகத்தான். அங்கே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த முருகேசன் என்பவர் ஆறு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார், அவர் மனைவி மெசினை விற்கிறார் என்று நண்பர் சொன்னார்.

திருச்சியில் காலை 7.10க்குப் பேருந்து, புதுக்கோட்டை 8.30. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு (நாற்பது ரூபாய், சட்னியைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்) 9 மணி வண்டியைப் பிடித்தால் பத்து மணிக்கு அறந்தாங்கி. சுமார் 90 கிலோமீட்டர், பேருந்துக்கு 85 ரூபாய், ஆட்டோவுக்கு 60.

“டைப் மெசினுக்கா சார் இம்புட்டுத் தூரம் வாரீங்க? எங்க வீட்டுலயும் ஒரு டிவி கெட்டுப்போய்க் கெடக்கு, எடுத்துக்கிறீங்களா?” என்றார் ஆட்டோக்காரர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

முருகேசனின் மனைவி செல்வராணி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டின் முன்னறைதான் கணவரின் கடை. நான் மெசின் பார்க்கும் வரிசை இது: மூடி உடைந்திருக்கிறதா, விசைகள் மஞ்சளாகிவிட்டனவா, எழுத்துச் சக்கரத்தில் பல் ஒடிந்திருக்கிறதா. எல்லாமே நன்றாக இருந்தன. 4,500 சொன்னேன், சம்மதித்தார். புது ரிப்பன் மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றி, வழக்கம்போலக் குப்பைக்கூடையைத் தேடினேன்.

“தம்பி, அதுல அவரு அடிச்சது தெரியுமா?” என்றார் அக்கா. “அன்னைக்குக் காலைல சத்தம் கேட்டுச்சு. காப்பி எடுத்துட்டு வாரதுக்குள்ள நாற்காலில சாஞ்சிட்டாரு. வந்த கூட்டத்துல தாளு எங்கிட்டோ போயிருச்சு. கடைசியா என்ன அடிச்சாருன்னு தெரியாமயே மெசினக் குடுக்குறேன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ரிப்பன் ஒருமுறை மட்டுமே அடிக்கும் ஃபிலிம். எழுத்து விழும் இடத்தில் கருப்பு உரிந்து தாளுக்குப் போய்விடும், வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். எத்தனை ரிப்பனைத் தூக்கி எறிந்திருக்கிறேன்!

ஜன்னலோரம் பிடித்து, கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எஸ், ஈ, எல், வி, ஏ, ஆர், ஏ, என், ஐ. அதற்குமேல் ரிப்பன் அடிபடாத முழுக் கருப்பு.

“அது எம் பேருல்ல?”

முந்தைய பகுதியையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். ஒரு வேலை விண்ணப்பம், அதற்கு முன் அதே பெயர். ஒரு பட்டா மனு, அதற்கு முன்னும் அதே பெயர். எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க டைப்பிஸ்டுகள் காலையில் எதையாவது அடித்துப் பார்ப்பார்கள். இவர் மனைவியின் பெயரை அடித்திருக்கிறார்.

“தெனம் ஒம்பது தட்டு கேக்கும் தம்பி. சும்மா சோதிக்கிறாருன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க அந்த மனுசன்!” அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பழைய ரிப்பனை அவரிடமே கொடுத்தேன். மெசினும் இங்கேயே இருக்கட்டும் அக்கா என்றேன்.

“வேணாம், அது ஓடணும்ல. செத்த இருங்க,” என்றவர், புது ரிப்பனில் எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் முருகேசன் என்று ஆங்கிலத்தில் அடித்தார். அதுவும் ஒன்பது தட்டு.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வெள்ளைத்தாள், ரிப்பன் கொண்டுபோங்கள். திரும்பும்போது டிரைவருக்குப் பின்சீட் பிடியுங்கள், மெசின் ஒன்பது கிலோ. பழைய ரிப்பனை எறியுமுன் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

அடிக்காத ரிப்பனோடு இருந்தால் இந்த மாடலுக்கு ஐந்நூறு ரூபாயாவது கூடக் கிடைக்கும். என்னுடையதில் ஒன்பது எழுத்து போயிருக்கிறது. பத்தாவது எழுத்தை நான் இன்னும் அடிக்கவில்லை.