முளைகளுக்குக் கேட்டது

தெருமுனையில் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் 'காத்து'. தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் பழைய இயந்திரம் ஒன்றைத் திறந்து, அந்த ஈரத்தூசி வாசனை மூக்கில் ஏறினால் போதும், மனிதர் அப்படியே உட்கார்ந்துவிடுவார். செடி ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் வேலை பார்த்த காலம் கண்முன்னே வந்துவிடும். இன்றைக்கு அந்தக் கட்டடமே இல்லை, வண்டி நிறுத்துகிறார்கள். அது என்ன காலம் போங்கள்!

சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய இயந்திர அறை. அந்தப் பக்கம் இருட்டறை. அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி கண்ணாடித் தட்டுகளில் விதை முளைக்க வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் 'காத்து அண்ணே'. அவள் மட்டும் 'காத்து சார்' என்றாள். அந்த 'சார்' போதாதா? மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

அவள் மதியம் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, தினமும் வரும்போது ஓர் ஆப்பிள் வாங்கிவருவார். கதவுவரை போவார். தட்டாமலே திரும்பிவிடுவார். சரி, நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம், அதுவரை குளிர்ச்சியாகவாவது இருக்கட்டும் என்று, இருட்டறைக்குக் காற்று போகும் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அந்த நாளை வரவே இல்லை, பெட்டிதான் நிறைந்தது. எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டுகிற கைக்கு ஒரு பழத்தை நீட்டத் தெரியவில்லை, பாருங்கள்!

அவள் பாடோ பெரும் திண்டாட்டம். இருட்டில் முளைக்கும் விதை வெளிச்சம் தேடி ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர வேண்டும். அவளுடையவை குட்டையாக, தடித்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றன.

"விதை மோசம், இல்லைன்னா உன் கை மோசம். அடுத்த தடவையும் இப்படியே வந்தா மூட்டை கட்டிக்க" என்றுவிட்டார் பேராசிரியர்.

அவள் காத்துவிடம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"காத்து சார், காத்துல ஏதாவது கலக்குதான்னு பாருங்களேன். பழம் பழுக்கறப்போ எத்திலீன்னு ஒரு வாயு விடும். செடிக்கு அது ஒரு சேதி மாதிரி. அதைக் கேட்டா முளை நீளாம குறுகிக்கும். என் அறையில அந்த வாயுவே கிடையாது. ஆனா இதுங்களுக்கு எங்கிருந்தோ கேக்குது."

பழம் என்றதுமே காத்துவுக்குத் தன் ஆப்பிள்கள் நினைவுக்கு வந்தன. அவள் போனதும் பெட்டியைத் திறந்தார். பழுத்ததும் அழுகியதுமாகக் கிடந்தன அத்தனையும். அள்ளிக் குப்பையில் கொட்டினால் ஈ காக்கைக்குத் தெரியாது. அடுத்த விதைப்பு தானாக நன்றாக வரும். அவருக்கு வேலையும் தங்கும், மானமும் தங்கும்.

அள்ளினார். பையோடு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். அவளும் அங்கேதான் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார், யாருக்காக வாங்கியது என்பது உட்பட. பேராசிரியர் தாம்தூம் என்று குதித்து, அங்கேயே அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்.

வாசலில் அவள் ஓடிவந்து மறித்தாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? கொட்டிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? அடுத்த தடவை முளை தானா சரியா வந்திருக்குமே!"

"வந்திருக்கும் மேடம். ஆனா முன்னாடி ஏன் கெட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆயுசுக்கும் உங்க கை மேல உங்களுக்கே சந்தேகம் இருந்திருக்கும்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து வேலை இல்லைல்ல?" என்றாள். "அப்போ சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க?"