ஷ்வால்பேயின் காதுகள்

கேப்டன் எவால்ட் ஃபான் கிராகோவின் பெட்டைக் குதிரை ஷ்வால்பேக்கு இருந்தது போன்ற காது பிரஷ்யக் குதிரைப்படையில் வேறெந்தக் குதிரைக்கும் கிடையாது. பெர்லினில் எக்காளம் ஊதினால் பொமரேனியாவில் நிற்கும் அது திரும்பிவிடும். சரி, பெர்லின் கொஞ்சம் அதிகம்தான். அடுத்த வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் பாடுதான் பரிதாபம். போரில் பக்கத்தில் விழுந்த பீரங்கிக் குண்டு அவருடைய இடக்காதை முழுச் செவிடாக்கிவிட்டது. வலக்காதில் யாராவது கத்தினால்தான் விழும். பதினான்கு வயதில் படையில் சேர்ந்தவர். நிலமெல்லாம் அண்ணனோடு போக, இவருக்கு மிஞ்சியது பெயருக்கு நடுவிலிருந்த, பிரபு குலம் என்று காட்டும் 'ஃபான்' மட்டுமே. செவிடு என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போவதற்கு வீடுதான் இல்லை.

கேள்வியையும் கேட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்ளும் மேலதிகாரிகளின் புண்ணியத்தில் மூன்று வருடம் ஓடியது. அணிவகுப்பில்தான் சிக்கல். இடப்பக்கம் வரும் எக்காளக்காரன் லூட்கே ஊதுவது கண்ணுக்குத் தெரியும்; என்ன ஊதுகிறான் என்பது தெரியாது. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு ஷ்வால்பேயை நம்புவார். அது திரும்பினால் வாளை அந்தப் பக்கம் நீட்டுவார். படை பின்னால் வரும்.

மே மாதம் தளபதி பார்வையிட வந்தார். பழகிய வரிசையில் ஆணையிடாமல், திடீரென்று வலம், உடனே இடம், மறுபடி வலம் என்று ஊதச் சொன்னார். கேப்டன் கடிவாளத்தை இன்னும் தளர்த்தினார். ஷ்வால்பே வலம் திரும்பியது, இடம் திரும்பியது, மறுபடி வலம் திரும்பியது. மற்ற இரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"யோவ் கிராகோ, உம்ம குதிரை உம்மவிடப் புத்திசாலியா இருக்கேய்யா!" என்றார் தளபதி.

தளபதியின் மீசை அசைவதை மட்டுமே கண்ட கேப்டன் விறைப்பாக வணங்கினார். "மிக்க நன்றி, தளபதி அவர்களே!"

அந்த ஒரு நாளின் பெயரால் மேலும் ஆறு ஆண்டுச் சேவை, அதன்பின் ஒரு சின்ன ஊரில் தபால் நிலைய அதிகாரி வேலை, மேலே இரண்டு அறை, கீழே லாயம். கேப்டன் நன்றி மறக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அதே நாளில் ஷ்வால்பேக்கு ஆப்பிள் கொடுத்த பிறகுதான் தாம் சாப்பிட உட்காருவார். அது செத்த பிறகும் லூட்கேயை வரவழைத்து, பன்றிக்கறி போட்ட பட்டாணிச் சூப்பும் பீரும் வைத்து, முதல் கோப்பையைக் குதிரையின் பெயரால் உயர்த்தினார்.

"என்னா காதுடா அதுக்கு! என் சோறு அது போட்டதுடா, லூட்கே. தளபதி வந்த அந்த வருஷம் பூரா இடது முட்டி எனக்குக் கன்றிப் போய்க் கிடந்துச்சு, வயசாகுதுன்னு நெனச்சேன். ஆனா அதுக்கு மட்டும் வயசே ஆகல."

லூட்கே சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, அவருடைய வலக்காதில் வாயை வைத்துக் கத்தினான்:

"கேப்டன் ஐயா, அந்தக் குண்டு விழுந்தப்ப ஷ்வால்பே மேலதான உக்காந்திருந்தீங்க? அதுக்கும் அன்னிக்கே ரெண்டு காதும் போச்சு! வலதுன்னா குதிரைய என் முழங்காலால முட்டுவேன், இடதுன்னா சேணத்துணியப் புடிச்சு இழுப்பேன். வலது கொஞ்சம் ஜாஸ்தியா ஊதச் சொல்லிட்டாங்க, நடுவுல மாட்டினது உங்க முட்டி!"