நடுக்கடலில் திரும்பி வந்த கேள்வி

நெடுந்தீவில பள்ளிக்கூடம் கட்டின வேலைக்கு நான்தான் பொறுப்பு. சீமெந்து ஒரு நாள் முந்தியே வருமெண்டு மேசன் அண்ணைக்கு மின்னஞ்சல் போட்டிட்டு, சொல்லியாச்சு எண்டு இருந்திட்டன். அவர் பதிலே போடேல்லை எண்டது, சீமெந்தை ஏத்திக்கொண்டு நானும் வள்ளத்தில நடுக்கடலில போகேக்கைதான் உறைச்சுது. வானம் கறுத்திட்டுது. போனில சிக்னலும் இல்லை.

எங்கட வள்ள ஓட்டி, தீவுப் பக்கம் பறந்த மீன்பிடிப் படகொண்டை மறிச்சுக் கத்தினார்: "பள்ளிக்கூட மேசனிட்டச் சொல்லும், சீமெந்து வருது."

படகுக்காரர் உடனே போகேல்லை. "சீமெந்து வருது, மேசனிட்டச் சொல்லோணும். எத்தினை மூட்டை? மழைக்கு மூடப் படங்கு வேணுமோ?"

"நூறு. ஓம், படங்கும் வேணும்" எண்டு நானும் கத்தினன்.

இறங்குதுறையில மேசன் அண்ணை ஆக்களோட படங்கை விரிச்சுப் பிடிச்சபடி நிண்டார். மழை கொட்டினது. நான் தொப்பலா நனைஞ்சன். ஒரு மூட்டையும் நனையேல்லை.

இப்பவெல்லாம், கேட்டவர் திருப்பிச் சொல்லுமட்டும் நான் சொன்னதாக நினைக்கிறதில்லை.