கரும்பலகையில் எழுதிய பெயர்

நன்னிலம் நூலக மாடியில், ஓய்வுபெற்ற நாங்கள் வியாழன்தோறும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறோம். அதற்கும் பதினான்கு விதிகள் எழுதி வைத்தவன் நான். தாலுகா ஆபீஸ் புத்தி. இன்று, முன்னாள் நர்ஸ் புஷ்பவல்லி பிரஷர் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லித்தந்தார்; அடுத்த வாரமும் அவர் பாடம்தான். அவர் எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிட்டது.

ஐந்தாம் வகுப்பில் நான்தான் லீடர். வாத்தியார் டீ குடிக்கப் போனதும், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன். கரியும் கோவையிலையும் தேய்த்த பலகை பச்சை வாசனை அடிக்கும். ஒருநாள், வாயே திறக்காத புஷ்பவல்லியின் பெயரை எழுதினேன். எங்கள் வயலில் நாற்றுப் பறிக்கிறவரின் மகள், கணக்கில் என்னை முந்தியிருந்தாள்.

“பேசுனாளாடா?” என்றார் வாத்தியார்.

“ஆமா சார்.”

பிரம்படி பட்ட கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

இன்று வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். “அஞ்சாவதுல அடி வாங்குனீங்களே, அன்னிக்கு நீங்க பேசலைங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்.”

கையைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “எனக்குப் பின்னாடி உக்காந்து பேசுனவ குரலை என் குரல்னு நெனச்சிட்டீங்கன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்!”

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் பையை எடுத்துக்கொண்டார்.

“அடுத்த வாரப் பாடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க, சார்.”