தண்ணீரை மறித்த 'ஷால் நாட்'

இன்று சங்கரன்கோவில் பஸ்ஸில், நான் இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும், பனவடலிசத்திரத்து மாடத்தியம்மாள் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பை நீட்டினார்.

"பொதுக் கிணத்துல நான் தண்ணி எடுக்கக் கூடாதாம்லா, சார்வாள். மூணு மாசமா ரெண்டு மைல் நடக்கேன்."

வாசித்தேன். அவர் தண்ணீர் எடுப்பது 'ஷால் நாட் பி பிரிவென்டட்' என்றிருந்தது. யாரும் தடுக்கக் கூடாது என்று அர்த்தம். வழக்கில் ஜெயித்ததே அவர்தான்.

"கூடாதுன்னு யாரு சொன்னா?"

"ஊர்ல படிச்சவரு ஒருத்தரு. 'ஷால் நாட்'டுன்னா கூடாதுன்னாரு."

'எடுக்கலாம்' என்று நேராக எழுதினால் நீதிக்கு என்ன குறைந்துவிடும்? ஜெயித்தது அவர்தான், யாரும் தடுக்க முடியாது என்று சொல்லி, காகிதத்தின் பின்பக்கம் அதையே தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

"அப்போ இன்னைக்கே குடத்தோட போறேன்" என்றார்.

வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். தீர்ப்பைத் தமிழில் எழுத இன்னும் யார் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.